வடமேற்கு மூலையில் படிக்கட்டு மாதிரி விரிசல்: வெட்டிப் பூசலாமா, பொறுத்துப் பார்க்கலாமா?

கொல்லைக்கிணறு (ஜூன் முதல் வாரம்):

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் 1950-களில் கட்டிய வீடு. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, 14 அங்குலச் சுவர். முன்கட்டில் இரண்டு அறைக்கு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய தளம்), பின்கட்டு நாட்டு ஓடு. 2004-இல் வடக்குச் சுவரை ஒட்டி, கான்கிரீட் தளம் போட்ட குளியலறையும் கழிப்பறையும் சேர்த்தது. மண் சுத்தக் களி. உளுந்து எடுத்த பிறகு பக்கத்து வயல் வெடிப்பில் கை நுழையும்.

வடமேற்கு அறை ஜன்னலின் மேல்மூலையில் தொடங்கி, வீட்டு மூலையைப் பார்க்கப் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் ஏறுகிறது. ஜன்னல் பக்கம் தலைமுடி அளவு, மேலே 6 மி.மீ. வெளிப்பக்கமும் அதே இடத்தில் தெரிகிறது. இரண்டாவது விரிசல், பழைய சுவரும் குளியலறைச் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக இருக்கிறது. மேலே 10, கீழே 4 மி.மீ. மூன்றாவது, அறைக்குள் தரையிலிருந்து 3 அடி வரை பூச்சு ஊதி, உப்புப் பூத்து, சிலந்தி வலை போலக் கீறல். அந்தப் பூச்சு சிமெண்ட், குளியலறை கட்டும்போது பூசியது.

மூலையிலிருந்து 12 அடியில் வேப்பமரம். 35 அடி உயரம், வைத்து 25 வருஷம் இருக்கும். குளியலறையின் வெளிச்சுவரிலிருந்து 4 அடியில் உறைக்குழி (கழிவுநீர் இறங்கும் குழி). ரோடு மேல் ரோடு போட்டதில் வாசல் இப்போது முக்கால் அடி பள்ளம்.

கொத்தனார், விரிசலை வெட்டி 1:3 சிமெண்ட் (சிமெண்ட் 1, மணல் 3) அடைத்து, வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? அதுவரை அந்த அறையில் படுக்கலாமா?

தூக்குக்குண்டு:

படுக்கும் விஷயம் முதலில். ஏணி போட்டு, டெரஸ் கட்டைகள் அந்தச் சுவருக்குள் நுழையும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் படாத மரம் ஒரு விரல்கடை வெளியே தெரிந்தால், சுவர் வெளியே நகர்கிறது, கட்டை உருவிக்கொண்டு வருகிறது. கட்டை முனையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் முனை உளுத்துவிட்டது. அடுத்து, சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 10 அடி உயரத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாய்வு, நடுவில் வயிறு தள்ளல், ஒரே ராத்திரியில் விரிசல் 2, 3 மி.மீ. கூடுதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அறையைக் காலி செய்து, முட்டுக் கொடுத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

முட்டுக்கு 4 அங்குலச் சவுக்குக் கட்டை, 3 அடிக்கு ஒன்று. தலையில் டெரஸ் கட்டைகளுக்குக் குறுக்கே 9 அங்குலப் பலகை, காலடியிலும் பலகை, அதன்மேல் எதிரெதிராக இரண்டு ஆப்பு. ஆப்பு இறுகினால் போதும், தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் மேலே குத்தாக நிற்கும் டெரஸ் செங்கல் சாந்தை விட்டுவிடும். மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் 6 மி.மீ.க்காக வீட்டை விட்டு ஓட வேண்டாம்.

இனி விரிசல். அது போகும் கோட்டுக்குச் செங்குத்தாக, கீழ்நோக்கி ஒரு கோடு இழுங்கள். பெரும்பாலும் அந்தக் கோடு இறங்கிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் முதல் விரிசலுக்கு அது வடமேற்கு மூலையின் அடியில் போய் முட்டும். மேலே அகலம், கீழே குறுகல் என்பதும் அதைத்தான் சொல்கிறது. மூலை இறங்கி வெளிப்பக்கம் திரும்புகிறது. சுவரின் நடுப்பகுதி இறங்கியிருந்தால் அகலம் கீழே இருக்கும்.

ஏன் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. டெல்டா களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்தக் காலத்து அஸ்திவாரம் பெரும்பாலும் இரண்டரை, மூன்றடி ஆழம்தான். கோடையில் மண் காய்கிற ஆழத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. வீடு முழுக்க ஒரே அளவு ஏறி இறங்கினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வீட்டில் ஒரு மூலையில் வேம்பு உறிஞ்சுகிறது, பக்கத்திலேயே உறைக்குழி வருஷம் முழுக்க ஊட்டுகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் சுவர் காட்டுகிறது.

இப்போது, ஜூனில், விரிசல் முழுதாகத் திறந்திருக்கும். இந்த அகலத்தில் 1:3 சிமெண்டை அடைத்தால், கார்த்திகையில் மண் உப்பி மூலை மேலே வரும்போது மூட இடம் இருக்காது. சிமெண்ட் கல்லாக நிற்கும், பக்கத்துச் செங்கல் பிளக்கும். அடுத்த கோடையில் பழைய விரிசலுக்கு அரை அடி தள்ளிப் புதிதாக ஒன்று வரும். அதனால் இப்போதைக்கு அளவு மட்டும் எடுங்கள்.

எவர்சில்வர் ஸ்க்ரூ மூன்று வேண்டும். விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, முக்கோணமாக, 4 அங்குல இடைவெளியில். செங்கல்லில் துளை போட்டு எபாக்சி வைத்து இறுக்குங்கள், பூச்சில் வேண்டாம். டிஜிட்டல் வெர்னியர் காலிபரால் தலைக்குத் தலை அளந்தால் அகலம் கூடுகிறதா, ஒரு பக்கம் கீழே வழுக்குகிறதா என்று இரண்டும் தெரியும். வாரம் ஒருமுறை, காலை 7 மணிக்கு, எப்போதும் அதே நேரம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நோட்டில் மழை, வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நின்ற நாள் மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் அளவுக்கு அர்த்தம். கண்ணாடிச் சில்லு ஒட்டுவது பழைய வழக்கம். அது உடைந்தால் நகர்ந்தது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

காளவாய்:

மூன்றாவது விரிசல் அஸ்திவார விஷயமே இல்லை. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, பூச்சைத் தள்ளுகிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பானை மாதிரி சத்தம் வந்தால் விட்டுவிட்டது.

அதை முழுதாகக் கொத்தி எடுங்கள், ஈரம் தெரியும் கோட்டுக்கு ஓரடி மேல் வரை. சாந்து இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டி, காய்ந்த துடைப்பத்தால் பெருக்குங்கள். கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஒரு கோடை முழுக்க வெறும் செங்கல்லாக விடுங்கள். பூக்கிற உப்பை வாரம் ஒருமுறை பெருக்கிக் கொட்டுங்கள், சுவரடியில் விட வேண்டாம். பார்க்க அசிங்கம்தான். விருந்தாளி வருகிறார்கள் என்று அவசரப்பட்டுப் பூசுகிறவர்கள்தான் இரண்டு வருஷத்தில் திரும்பக் கொத்துகிறார்கள். வாட்டர்புரூஃப் கெமிக்கல் பெயின்டை உள்பக்கம் அடிக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். ஈரம் 3 அடியில் நிற்பது 5 அடிக்கு ஏறும்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பை 15 நாளாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டு, வெண்ணெய் மாதிரி ஆனதும் எடுங்கள். சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, சலித்த ஆற்று மணல் 1. சுர்க்கி என்று கடையில் விற்பதில் பாதி வெந்தும் வேகாத செங்கல் தூள் வருகிறது. நன்றாக வெந்த நாட்டுச் செங்கல்லை நீங்களே இடித்துச் சலித்தால் நல்லது. கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம், கையாளத் தெரிந்த ஆள் இருந்தால் சேர்க்கலாம். முதல் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு வையுங்கள். பைப்பை எடுத்து அடிக்கக் கூடாது.

இரும்புக்கம்பி:

பெல்ட் என்றாலே தப்பு என்பது போலப் பேச வேண்டாம். நான்கு சுவரையும் ஒரே கட்டாகப் பிடித்தால் மூலை தனியாகப் பிரிந்து போகாது. லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் விட்டம்) மட்டத்தில் வெல்டு மெஷ் (கம்பி வலை) வைத்து, இரண்டு பக்கமும் பூசி, சுவர் வழியே கம்பி கோத்துக் கட்டுவது ஏற்கெனவே உள்ள முறைதான்.

தூக்குக்குண்டு:

சரிதான், ஆனால் அது நிலநடுக்கத்துக்கான முறை. பக்கவாட்டில் ஆடும்போது சுவர்கள் பிரியாமல் பிடிக்கும். அடியில் மண் இறங்கும்போது மூலையின் மொத்தப் பாரத்தையும் 2 அங்குலப் பட்டை தாங்காது. அவருடைய கொத்தனார் சொல்வது லிண்டல் பெல்ட்டாகவும் தெரியவில்லை, தரைமட்டத்தில் வெளிப்பக்கம் ஒட்டி ஊற்றும் பட்டைதான். சுவரின் பாரம் அதில் இறங்கவே இறங்காது. மேலும், அதற்காக அஸ்திவாரத்தை ஒட்டி நீளமாக ஒரே மூச்சில் பள்ளம் தோண்டுவார்கள். மழைக்கு முன்னால் களியில் அந்தப் பள்ளம் தண்ணீர் கட்டினால், இன்றைக்கு இல்லாத ஆபத்து அன்றைக்கு வரும்.

மேலவீதி:

வாசல் பள்ளமாகிவிட்டதே, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, அப்படியே புது அஸ்திவாரமும் ஆகிவிடாதா?

இரும்புக்கம்பி:

சிமெண்டில் கட்டிய, கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்கே நாலு முறை யோசிக்க வேண்டும். விரிசல் விட்ட சுண்ணாம்புச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ் என்றால் வேண்டாம். ரோட்டுத் தண்ணீரை வாசலில் குறுக்கு வாய்க்கால் கட்டித் திருப்புங்கள். பள்ளத்தை நிரப்புகிறேன் என்று சுவரோடு சேர்த்து மண் கொட்டினால் காளவாய் சொன்ன ஈரம் இன்னும் மேலே ஏறும்.

வெட்டுகுழி:

அளவு எடுக்கும் மாதங்களில் மண்ணையும் பார்த்துவிடுங்கள். மூலையை ஒட்டி 3க்கு 3 அடிக் குழி ஒன்று. அஸ்திவாரத்தின் அடிமட்டம் தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்குக் கீழே ஒரு மண்வெட்டி கூட வேண்டாம். அஸ்திவாரம் எத்தனை அடி, செங்கல் எத்தனை படி, வேர் எங்கே நுழைந்திருக்கிறது என்று பார்த்து, போட்டோ எடுத்து, அன்றைக்கே மண்ணைப் போட்டு இடித்து மூடிவிடுங்கள்.

அந்த அடி மண்ணில் கைப்பிடி எடுத்து, காயவைத்து, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். 100 மில்லி அளவுச் சாடி இரண்டில் 10 கிராம் வீதம் போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் மண் 10 மில்லியில் நின்று, தண்ணீரில் 16 மில்லியில் நின்றால் வீக்கம் 60 சதவீதம். 50-க்கு மேல் போனால் விளையாட்டு இல்லை. ஆய்வகத்திலும் இதே சோதனைதான், சல்லடை 425 மைக்ரான் என்பது மட்டும் கறாராக இருக்கும்.

குளியலறைக்கு ஒரு சோதனை. தரைத் துவாரத்தைத் துணிப்பந்தால் அடைத்து, ஒரு அங்குலத் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு, 6 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோடு இறங்கினால் தரையே ஒழுகுகிறது. இறங்காவிட்டால் துணியை எடுத்து, ஒரு பொட்டலம் சொட்டு நீலம் கலந்த வாளித் தண்ணீரை ஊற்றி, குழாய் போகும் வழியில் சுவரடி மண்ணைக் கிளறிப் பாருங்கள். நீலம் தெரிந்தால் இணைப்பு விட்டிருக்கிறது.

கொல்லைக்கிணறு (ஜனவரி):

ஏழு மாத அளவு இதோ. கட்டை முனைகள் நன்றாக இருந்தன, குண்டு விலகல் கால் அங்குலம்தான்.

முதல் விரிசல், மேல்முனை: ஜூன் 6.4, ஆகஸ்ட் 5.8, அக்டோபர் கடைசி 4.1, டிசம்பர் 2.7 மி.மீ.

குளியலறை இணைப்பு: ஜூன் 10.0, ஆகஸ்ட் 10.2, அக்டோபர் 10.9, டிசம்பர் 11.5.

அஸ்திவாரம் 2 அடி 9 அங்குலம். மேற்குப் பக்கம் பென்சில் தடிமன் வேர்கள். சாடியில் தண்ணீரில் 17, மண்ணெண்ணெயில் 10. தரைத் தண்ணீர் இறங்கவில்லை, ஆனால் நீலம் உறைக்குழிக்கு முன்னால் இரண்டடியில் தெரிந்தது. மரத்தை வெட்டினால் மண் உப்பி இன்னும் கெடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். வெட்டலாமா?

தூக்குக்குண்டு:

இரண்டு விரிசலும் இரண்டு கதை. முதலாவது மழைக்கு மூடிக்கொண்டே வந்திருக்கிறது, அது வேம்பும் கோடையும். இரண்டாவது ஒரே திசையில் மட்டும் போகிறது, கோடை, மழை என்று பார்க்கவில்லை. அது குழாய் ஒழுகி, குழிப்பக்கம் மண் இளகி, குளியலறை வெளியே சாய்வது.

வெட்டினால் உப்பும் என்ற பயம் மரம் வீட்டைவிட மூத்ததாக இருந்தால் சரி. மரம் காயவைத்த மண்ணின்மேல் வீடு கட்டியிருப்பார்கள், மரம் போனால் மண் பழைய நிலைக்கு உப்பி வீட்டைத் தூக்கும். உங்கள் வீடு 1950-களில், மரம் 25 வருஷம். மண் திரும்பப் போவது வீடு கட்டிய நாளின் நிலைக்குத்தான். அதனால் வெட்டலாம். வேம்பை வெட்ட மனம் வராவிட்டால், மரத்துக்கும் சுவருக்கும் நடுவே, சுவரிலிருந்து 6 அடி தள்ளி 5 அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, 4 அங்குலக் கான்கிரீட் திரை இறக்குங்கள். மூலையைத் தாண்டி இரு பக்கமும் 8 அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் வேர் சுற்றிக்கொண்டு வரும். ஒரே பக்கத்து வேரை அறுத்த மரத்துக்குக் காற்றில் பிடிமானம் குறையும். உங்கள் மரம் விழுந்தால் டெரஸ் மேல் விழலாம். 12 அடியில் இருப்பதால் என் ஓட்டு வெட்டுவதற்கே.

உறைக்குழியைக் கட்டிடத்திலிருந்து 20 அடிக்குக் குறையாமலும், குடிக்கிற கிணற்றிலிருந்து 60 அடிக்கு அப்பாலும் மாற்றுங்கள். பழைய குழியைக் காலி செய்து, மணலை அரையடி அரையடியாகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும், குப்பை கொட்டி மூடக் கூடாது. மேற்கு, வடக்குச் சுவரடியில் 5 அடி அகலத்துக்குத் தளம் வேண்டும். அடியில் 250 மைக்ரான் பாலிதீன் தாள், மேலே கான்கிரீட், வெளிப்பக்கம் இரண்டு அங்குலச் சரிவு. தளத்தைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். அரை அங்குல இடைவெளி விட்டுத் தார் ஊற்றுங்கள். ஒட்டினால் களி ஏறி இறங்கும்போது தளம் சுவரையும் சேர்த்து இழுக்கும்.

இதெல்லாம் முடித்து இன்னொரு கோடையும் ஒரு மழையும் அளவு எடுங்கள். வருஷத்து ஆட்டம் 1 மி.மீ.க்குள் வந்தால் அஸ்திவாரத்தைத் தொடவே வேண்டாம். வராவிட்டால் மட்டும், இன்ஜினியர் முன்னால் நிற்க, அடியில் கான்கிரீட் கொடுத்து ஆழப்படுத்துவது. அப்போதும் ஒரு தடவைக்கு 3, 4 அடி நீளம்தான். ஒன்றை முடித்து, ஒரு வாரம் ஆறவிட்டு, பக்கத்ததைத் தொடாமல் இரண்டு தள்ளி அடுத்தது.

காளவாய்:

அடைக்கும் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் சுண்ணாம்பு இறுகாது, சித்திரையில் இறுகுவதற்குள் காய்ந்துவிடும்.

முதல் விரிசலுக்கு, 6 வரிசைக்கு ஒருமுறை சாந்து இணைப்பை ஒன்றரை அங்குலம் ஆழம் சுரண்டி, 6 மி.மீ. எவர்சில்வர் முறுக்குக் கம்பியை விரிசலுக்கு இரு பக்கமும் 20 அங்குலம் போகும்படி சாந்தில் புதையுங்கள். சாதாரண இரும்புக் கம்பி வேண்டாம், உப்புச் சுவரில் துருவேறி உப்பி, அதுவே புது விரிசல் வைக்கும். பிறகு விரிசல் வழியே அடிக்கு ஒரு 12 மி.மீ. துளை. விரிசல் முகத்தைச் சாந்தால் மூடி, முதல் நாளே தண்ணீர் ஊற்றி உள்ளே நனைத்துவிட்டு, சுண்ணாம்பும் மெல்லிய சுர்க்கியும் சமமாகக் கலந்து மோர்ப் பதத்தில் அடித் துளையில் ஊற்றுங்கள். அடுத்த துளையில் எட்டிப் பார்த்ததும் கீழே தக்கை, மேலே போங்கள்.

8 அடி நீளம், 14 அங்குலத் தடிமன், சராசரி 3 மி.மீ. என்றால் கணக்குப்படி இரண்டரை லிட்டர். பழைய சுவருக்குள் இருக்கும் பொந்துகளுக்கும் சேர்த்து 8, 10 லிட்டர் குடிக்கும். அதற்கு மேலும் குடித்தால் நிறுத்திவிட்டு மறுபக்கம் போய்ப் பாருங்கள், எங்கோ வழிகிறது.

இரும்புக்கம்பி:

குளியலறை இணைப்பில் மட்டும் கம்பியும் வேண்டாம், சாந்தும் வேண்டாம். இரண்டு கட்டிடம், இரண்டு அஸ்திவாரம், செங்கல்லைப் பல் விட்டு ஒன்றோடொன்று கோத்துக் கட்டவும் இல்லை. எப்படிக் கட்டிப் போட்டாலும் பிரியும். குழி மாறி, அளவு நின்ற பிறகு, இணைப்பை 12 மி.மீ. அகலத்துக்குச் சமமாக வெட்டி, ஃபோம் கயிறு திணித்து, மேலே 6 மி.மீ. ஆழத்துக்குப் பாலியூரிதீன் சீலன்ட். வெளிப்பக்கம் அலுமினியப் பட்டை அடிப்பதானால் ஸ்க்ரூ ஒரு பக்கத்தில் மட்டும். பெயின்டர் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மறுபக்கமும் அடித்துவிடுவார், வேலை முடிகிறவரை பக்கத்தில் நில்லுங்கள்.